கோல்ஃபேக்ஸ் ஊர்ப் பலகை: அரசு நட்டது என்றால் நம்பலாமா?

கேள்வி (ஜனவரி 27, 2024)

அமெரிக்கத் தென்மாநிலங்களில் காரில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். எவ்வளவு சின்ன ஊரானாலும் கோர்ட் வாசலில் ஓர் உலோகப் பலகை. இந்த இடத்தில் இந்த ஆண்டு இது நடந்தது என்று நாலு வரி. நிறுத்திப் படித்துப் போட்டோ எடுத்துச் சேர்த்து வருகிறேன். இணையத்தில் ஆளாளுக்கு ஒன்று எழுதுவார்கள். அரசு முத்திரையோடு வார்த்து நட்டது தப்பாக இருக்காது என்பது என் கட்சி. குறைந்தபட்சம் தேதியும் எண்ணிக்கையும் சரியாகத்தானே இருக்கும்? லூசியானா பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 27, இரவு

நான் எதிர்க்கட்சி. லூசியானாவில் கிராண்ட் பேரிஷ் என்று ஒரு மாவட்டம் (இங்கே மாவட்டத்தைப் பேரிஷ் என்பார்கள்). அதன் தலைமையூர் கோல்ஃபேக்ஸ். ரெட் ரிவர் கரையில், ஆயிரத்தைந்நூறு பேர்கூட இல்லாத ஊர். அங்கே கோர்ட் வளாகத்தில் 2021 வரை ஒரு பலகை நின்றது. தலைப்பு ‘கோல்ஃபேக்ஸ் கலவரம்’. அதில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

“இவ்விடத்தில் கோல்ஃபேக்ஸ் கலவரம் நிகழ்ந்தது. இதில் 3 வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர். 1873 ஏப்ரல் 13 அன்று நடந்த இந்நிகழ்வு தெற்கில் கார்ப்பெட்பேக் துராட்சியின் முடிவைக் குறித்தது.”

அவ்வளவுதான் மொத்தப் பலகையும். கீழே நட்டவர் பெயர்: லூசியானா வணிக, தொழில் துறை, 1950. வரலாற்றுத் துறைகூட இல்லை. மாநிலத்துக்குத் தொழிற்சாலையையும் சுற்றுலாக்காரனையும் கூட்டிவர வேண்டிய துறை.

ஜனவரி 27, இன்னும் கொஞ்சம்

கார்ப்பெட்பேக் என்றால் என்ன என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களைத் தெற்கத்தி வெள்ளையர்கள் வைத வசவு அது. கம்பளத் துணியில் தைத்த பை ஒன்றோடு பிழைக்க வந்தவன் என்று பொருள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டு, பதவிக்கும் வந்த சில ஆண்டுகள் இருந்தனவே, அந்தக் காலம் முழுவதற்கும் அவர்கள் வைத்த பெயர் ‘துராட்சி’.

தேதியாவது சரியாக இருக்கும் என்றீர்களே. 1873 ஏப்ரல் 13 சரிதான். ஆனால் அதோடு ஆட்சி முடிந்தது என்பது பொய். அப்போது ஆளுநராக இருந்த கெல்லாக் 1877 ஜனவரி வரை பதவியில் இருந்தார். கூட்டாட்சிப் படை லூசியானா ஆட்சியாளர்களுக்குத் தந்துவந்த காவல் விலகியது 1877 ஏப்ரலில். மூன்று வரியில் நாலு வருஷப் பிழை.

ஜனவரி 29

“சரி, அங்கே என்னதான் நடந்தது?” என்று இரண்டு பேர். கொஞ்சம் நீளும்.

1872-இல் லூசியானா ஆளுநர் தேர்தல். குடியரசுக் கட்சிக்கு (அந்நாளில் கறுப்பின மக்களின் ஓட்டு அதற்குத்தான்) வில்லியம் பிட் கெல்லாக், எதிர்த்தரப்புக்கு ஜான் மெக்எனரி. முடிவில் இருவரும் தானே வென்றதாகச் சொல்லிப் பதவியேற்றுக்கொண்டார்கள். மாநிலத்தில் இரண்டு ஆளுநர் என்றால் மாவட்டத்தில் இரண்டு ஷெரிஃப், இரண்டு நீதிபதி. கிராண்ட் பேரிஷிலும் அதே கதை.

இந்தப் பேரிஷ் 1869-இல்தான் உருவானது. அதிபர் கிராண்டின் பெயர் பேரிஷுக்கு, துணை அதிபர் ஸ்கைலர் கோல்ஃபேக்ஸின் பெயர் ஊருக்கு. தோற்ற தரப்பின் மண்ணில் ஜெயித்தவர்களின் பெயரை நட்டிருக்கிறார்கள். அது உறுத்தாமல் இருக்குமா? ஊர் எழுந்த நிலம் கால்ஹூன் குடும்பத்தின் பெரும் தோட்டம். கோர்ட் என்று இருந்ததும் அந்தத் தோட்டத்துக் குதிரை லாயம்தான்.

1873 மார்ச் கடைசியில் கெல்லாக் தரப்பு அதிகாரிகள் அந்தக் கோர்ட்டில் நுழைந்து பொறுப்பேற்றார்கள். எதிர்த்தரப்பு ஆள் திரட்டுகிறது என்று சேதி வந்ததும், சுற்றியிருந்த கறுப்பின மக்கள் காவலுக்கு வந்து கூடினார்கள். அவர்களைத் திரட்டியவர் வில்லியம் வார்ட், உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் இருந்தவர். கோர்ட்டைச் சுற்றி மண் வெட்டி ஆழமில்லாத ஒரு பள்ளம் தோண்டினார்கள். ஏப்ரல் 5 அன்று ஜெஸ்ஸி மெக்கினி என்ற கறுப்பினக் குடியானவர் தன் வீட்டு வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதைக் கேட்டதும் பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயந்து ஊருக்குள் வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 13 ஈஸ்டர் ஞாயிறு. தானே ஷெரிஃப் என்று சொல்லிக்கொண்ட கிறிஸ்டபர் கொலம்பஸ் நாஷ் (ஆமாம், பெயரே அதுதான்) எதிர்த்தரப்பு வெள்ளையர் கூட்டத்தோடும் ஆயுதங்களோடும் ஒரு சிறு பீரங்கியோடும் வந்தார். பெண்களும் குழந்தைகளும் வெளியேற அரைமணி நேரம் கொடுத்தார். பிறகு சண்டை. வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு எதிரே பீரங்கி. எவ்வளவு நேரம் தாங்கும்? கோர்ட் கூரைக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெள்ளைக் கொடி காட்டினார்கள். அந்தக் குழப்பத்தில் வெள்ளையர் தரப்பில் ஜேம்ஸ் ஹேட்நாட் குண்டடிபட்டு விழுந்தார். அவரைச் சுட்டது அவர் பக்கத்து ஆள்தான் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதன் பிறகு சரணடைந்தவர், ஓடியவர் என்று பார்க்கவில்லை. பிடிபட்டவர்களை அன்று இரவு வெளியே நடத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள்.

ஏப்ரல் 15 அன்று நியூ ஆர்லியன்ஸிலிருந்து அதிகாரிகள் வந்து சேர்ந்தபோது கோர்ட் இருந்த இடத்தில் புகை அடங்கவில்லை.

இதைக் கலவரம் என்று போட்டால் இருதரப்பும் தெருவில் அடித்துக்கொண்டது போலத் தோன்றும். கோர்ட்டில் இருந்தது அப்போதைய ஆளுநரின் அதிகாரிகள். அடுத்த மாதமே அதிபர் கிராண்ட் பிரகடனம் வெளியிட்டு, கெல்லாக்தான் ஆளுநர் என்று ஏற்றுக்கொண்டார்.

ஜனவரி 29, சாப்பிட்ட பிறகு

எண்ணிக்கை பற்றி. 1875-இல் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றம்) போன ராணுவ அறிக்கை 81 கறுப்பினத்தவர்களின் பெயரைச் சொல்கிறது. அதற்கு மேல் ஆற்றில் வீசப்பட்டவர்கள் 15 முதல் 20, ரகசியமாகப் புதைக்கப்பட்டவர்கள் 18 என்று கணக்கு. அறிக்கையே போட்ட மொத்தம் ‘குறைந்தது 105’, கூட்டிப் பார்த்தால் அதைவிட அதிகம் வருகிறது. வேறு மதிப்பீடுகள் அறுபது சொச்சத்திலிருந்து நூற்றைம்பது சொச்சம் வரை போகின்றன.

பலகையோ உச்சத்தை ஒட்டி 150 என்கிறது. இது என்னை ரொம்ப நாள் குழப்பியது. கொலையை மறைக்க நினைப்பவன் எண்ணிக்கையைக் குறைப்பான். இவர்கள் குறைக்கவில்லை, கூடுதலாகவே போட்டிருக்கிறார்கள். மறைக்க வேண்டிய ஒன்றாக 1950-இல்கூட அவர்களுக்கு அது தோன்றவில்லை. வேட்டைக்குப் போய் வந்தவன் கணக்குச் சொல்கிற தொனி அது.

ஜனவரி 30

“கொன்றவர்களைப் பிடிக்கவில்லையா?”

பிடிக்கப் பார்த்தார்கள். கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் பெக்வித் 90-க்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டினார். கையில் கிடைத்தவர்கள் 9 பேர். முக்கியச் சாட்சி லீவை நெல்சன். அன்றிரவு கைதிகளை நடத்திப் போனபோது, ஒரே குண்டில் இருவரைக் கொல்கிறேன் என்று ஒருவர் இவரையும் இன்னொருவரையும் ஒன்றாக நிறுத்திச் சுட்டார். நெல்சன் சாகவில்லை. செத்தது போலக் கிடந்து, பிறகு தவழ்ந்து தப்பினார். சுட்டவர் பெயர் பில் க்ருக்‌ஷாங்க்.

1874-இல் முதல் விசாரணையில் ஒருவர் விடுதலை, மற்ற எட்டுப் பேர் விஷயத்தில் ஜூரி ஒத்துப்போகவில்லை. இரண்டாவது விசாரணையில் 3 பேர் குற்றவாளிகள். அதுவும் கொலைக்காக இல்லை. குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்ததாக 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். கொலை மாநில விவகாரம், அந்த மாநிலத்தில் எந்த ஜூரி தண்டிக்கும்? ஆகவே பெக்வித்துக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அந்த மூவரும் மேலே போனார்கள். 1876 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தலைமை நீதிபதி வெயிட்டின் தீர்ப்பில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. குடிமக்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும். தனியாள் தனியாளுக்குச் செய்யும் கொடுமையில் கூட்டாட்சி அரசு நுழைய முடியாது என்று. தீர்ப்பின் பெயர் ‘ஐக்கிய அமெரிக்கா எதிர் க்ருக்‌ஷாங்க்’. சட்டக் கல்லூரியில் இதைப் படித்த நண்பர் ஒருவருக்கு, வழக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, கூட்டம் கூடும் உரிமை என்று தலைப்புப் போட்டுப் படித்திருக்கிறார். பள்ளத்தில் கிடந்தவர்கள் தலைப்பில் வரவில்லை.

தெற்கில் ஒருவர் மீதும் இனி கூட்டாட்சி வழக்கு நிற்காது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பலகையின் மூன்றாவது வரியை இதோடு சேர்த்துப் படித்தால் அதில் ஓர் உண்மை இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். முடிவை 1873-இல் கோர்ட் வாசலில் தொடங்கி வைத்தார்கள், 1876-இல் வாஷிங்டனில் முத்திரை விழுந்தது.

பிப்ரவரி 1

கனமாகப் போகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டதால்: கோல்ஃபேக்ஸில் 1969 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் பெக்கான் திருவிழா நடக்கிறது. பெக்கான் என்பது இந்தப் பக்கத்து மரக்கொட்டை, வால்நட்டின் பங்காளி. நெய்யும் வெல்லமும் போட்டு என் மனைவி அதில் கடலைமிட்டாய் மாதிரி ஒன்று செய்கிறாள். ஊர் நினைவில் நிற்க அதுவும் ஒரு காரணம். சாப்பாட்டுக்கு அங்கே கடை தேடாதீர்கள். வடமேற்கே நாக்கடிஷ் போங்கள். எழுத்தைப் பார்த்து வாசித்தால் அந்தப் பெயர் வாயில் நுழையாது. 1714-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர், லூசியானாவில் அதைவிடப் பழைய குடியேற்றம் நிலைத்ததில்லை. இறைச்சி வைத்துப் பொரித்த ‘மீட் பை’ என்ற பலகாரம் பிரசித்தம். சோமாசி வடிவம், உள்ளே காரம். நமக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 4

கோல்ஃபேக்ஸ் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு நினைவுத் தூண் இருக்கிறதாமே என்று கேட்டவருக்கு. ஆம், அது இன்னொன்று. பலகை போன பிறகும் நிற்கிறது.

பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஒருமுறை அந்த ஊருக்கு அருகே பாதிநாள் வேலை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தேன். தேட வேண்டியதே இல்லை. சுற்றிலும் இடுப்பளவுக் கற்கள். நடுவில் ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான பளிங்குத் தூண். 1921-இல் நட்டது. ஸ்டீஃபன் டெக்காட்டர் பாரிஷ், ஜேம்ஸ் வெஸ்ட் ஹேட்நாட், சிட்னி ஹாரிஸ் என்று மூன்று பெயர். “கோல்ஃபேக்ஸ் கலவரத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போராடி வீழ்ந்த வீரர்களின் நினைவாக” என்று செதுக்கியிருக்கிறது.

நான் சுற்றிச் சுற்றி வந்தேன். புல் வெட்டியிருந்தது. பக்கத்துக் கல்லறைகளில் பிளாஸ்டிக் பூ. பலகையைப் பார்த்தபோது வந்த கோபம் இங்கே வரவில்லை, வேறென்னவோ வந்தது. பலகை சுற்றி வளைக்கிறது: துராட்சி, முடிவு, நிகழ்வு. தூண் சுற்றி வளைக்கவில்லை. எதற்காகக் கொன்றோம் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. வாக்குமூலம் என்றால் இதுதான். அந்த மூவரில் ஒருவரைத் தன் ஆளே சுட்டிருக்கலாம் என்பதை மட்டும் தூண் சொல்லாது.

அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர், பள்ளியில் இது பற்றி ஒரு வரி படித்ததில்லை என்றார். தூணைத் தெரியும், படித்ததில்லை என்றார். கல்லறைத் தோட்டத்தில் ஓடி விளையாடுகிறவன் எங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கப்போகிறான்.

பிப்ரவரி 4, இரவு

“கொலைகாரத் தூணுக்கு நேர்மைப் பட்டமா?” என்று கேட்ட நண்பருக்கு: பட்டம் தரவில்லை. சாட்சியாக மதிப்பு அதிகம் என்கிறேன். வன்மத்தைப் பச்சையாக எழுதியவனின் கல்லை ஆய்வாளன் பயன்படுத்தலாம். பூசி எழுதியதைப் பள்ளிப் பிள்ளை நம்பிவிடும். இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரி 7

கிளைக்கதை. இவை இரும்புப் பலகைகள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். நாடு முழுக்க நிற்பவற்றில் ஏராளம் ஒரே பட்டறையில் வார்த்தவை: ஒஹையோ மாநிலம் மேரியெட்டாவில் உள்ள சீவா ஸ்டூடியோஸ், 1927 முதல். தொடங்கியவர் பெயர் ஹாஸ். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் பட்டறையின் பெயர். ஒஹையோ, உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்ற மாநிலம். தெற்கின் வீரப் பெருமைகளை வடக்கத்திப் பட்டறை வார்த்து லாரியில் ஏற்றி அனுப்பிக் காசு பார்த்திருக்கிறது. கோல்ஃபேக்ஸ் பலகை அங்கே வார்த்ததென்று நான் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அலுமினியத்தில் எழுத்துக்குக் காசு, இடமோ குறைவு. அதனால் யார் எழுதினாலும் சுருக்கித்தான் ஆக வேண்டும். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது ‘யார் செய்தது’ என்பதுதான். கோல்ஃபேக்ஸ் பலகையைத் திரும்பப் படியுங்கள். 150 பேர் ‘கொல்லப்பட்டனர்’. கொன்றவர் என்று ஒருவரும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் உங்கள் போட்டோக்களில் தேடிப் பாருங்கள் தம்பி. கொன்ற ஆளே இல்லாத சாவு எத்தனை பலகையில் இருக்கிறது என்று.

பிப்ரவரி 11

பலகையை 2021 மே 15 அன்று கழற்றிவிட்டார்கள். அது சரியா என்பதில் என் எண்ணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில், கழற்றக் கூடாது என்ற கட்சியில் இருந்தேன். பக்கத்திலேயே இன்னொரு பலகை வைத்து ‘இந்தப் பலகை சொல்வது பொய், 1950-இல் இப்படி எழுதினார்கள்’ என்று போடட்டும், பொய்யும் வரலாறுதானே என்று வாதாடியிருக்கிறேன், இங்கேயே பழைய இழை ஒன்றில்.

நியூ ஆர்லியன்ஸ் கதையைப் படித்த பிறகு ஆட்டம் கண்டது. கோல்ஃபேக்ஸ் கொலைகளை அடுத்த வருஷம், 1874-இல், கிராண்ட் பேரிஷில் ‘வெள்ளையர் லீக்’ என்ற ஆயுத அமைப்பு கிளம்புகிறது. முன்னணியில் அதே நாஷ். அமைப்பு மாநிலமெங்கும் பரவி, செப்டம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் தெருவில் அரசுப் படையோடு மோதி, சில நாள் நகரத்தையே பிடித்து வைத்துக்கொண்டது. அதைக் கொண்டாட 1891-இல் ஒரு தூண் வைத்தார்கள். 1932-இல் அதில் வெள்ளையர் மேலாதிக்கம் பற்றிய வாசகத்தையும் சேர்த்தார்கள். 1993-இல், கழற்றாமல் இடம் மாற்றி, நான் சொன்ன வழியிலேயே புது வாசகம் பொறித்தார்கள். என்ன வாசகம் தெரியுமா? மோதலில் இறந்த இருதரப்பு அமெரிக்கர்களின் நினைவாக, கடந்த காலத்து மோதல், எதிர்காலத்துக்குப் பாடம் என்கிற மாதிரி. அரசைக் கவிழ்க்க வந்தவனும் தடுத்து நின்ற போலீஸ்காரனும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்கிறார்கள். விளக்கப் பலகையைக் கமிட்டி எழுதினால் இதுதான் வரும். 2017 ஏப்ரலில் அதையும் விடிவதற்கு முன்பாகக் கழற்றினார்கள், வேலையாட்கள் முகத்தை மறைத்துக்கொண்டு, குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. நாக்கடிஷில் 1927-இல் ஒரு சிலை வைத்தார்கள். தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்கும் கறுப்பின முதியவர். ‘நல்ல’ கறுப்பர்களுக்கு நன்றியாம். 1968-இல் அகற்றப்பட்டு, இப்போது பேட்டன் ரூஜில் பல்கலைக்கழகத்தின் கிராமிய வாழ்வு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தெருவில் நின்றபோது அது ஊரின் கட்டளை: இப்படிக் குனிந்து நில். அருங்காட்சியகத்தில் ஒரு பொருள். போய்ப் பார்த்தேன், சும்மாவே சங்கடமாக இருந்தது. தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கோர்ட் வாசல் என்பதும் அப்படித்தான். வழக்குக்கும் வரி கட்டவும் எழுபது ஆண்டு அந்தப் பலகையைத் தாண்டிக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போனார்கள், கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உட்பட. ஆகவே இப்போது கழற்றியது சரி என்ற பக்கம் சாய்ந்திருக்கிறேன். முழுசாக இல்லை.

பிப்ரவரி 16

மிசிசிப்பியில் பலகையைச் சுட்டார்களாமே என்று கேட்டவருக்கு. அங்கே பலகை எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள், படித்தவர்கள்தான் சுட்டார்கள்.

சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை 1955 ஆகஸ்டில் கொன்று, பருத்தி ஆலை விசிறியைக் கழுத்தில் கட்டி டாலஹாச்சி ஆற்றில் போட்டார்கள். வழக்கு சம்னர் என்ற குட்டி ஊரின் கோர்ட்டில். முழுக்க வெள்ளை ஆண்கள் கொண்ட ஜூரி, 67 நிமிடத்தில் விடுதலை. சில மாதத்தில் கொலைகாரர்கள் பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் செய்தோம் என்று பேட்டி கொடுத்தார்கள். ஒருமுறை விடுவித்தவரை மறுபடி விசாரிக்க முடியாதே.

2007-இல் அந்த மாவட்டத்தார் கோர்ட் வாசலில் கூடிக் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஆற்றங்கரையில், கிராபால் இறங்குதுறையில் பலகை வைத்தார்கள். அதே ஆண்டு யாரோ பிடுங்கிப்போனார்கள். மறுபடி வைத்ததைத் துப்பாக்கியால் சல்லடையாக்கினார்கள். மூன்றாவது 2018-இல்; அதற்கும் வாரக்கணக்கில்தான் ஆயுசு. 2019-இல் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் துப்பாக்கியோடு அதன் முன் நின்று எடுத்த படம் வெளியே வந்தது. அந்த அக்டோபரில் வைத்த நான்காவது பலகை 500 பவுண்டுக்கு மேல் எடை, குண்டு துளைக்காத எஃகு. 2023 ஜூலையில் இறங்குதுறையும் சம்னர் கோர்ட்டும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயமும் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன. உடல் கரையேறிய இடம் சரியாக இதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. சுட்டவர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை.

சம்னர் கோர்ட் முன்னால் 1913-இல் வைத்த, உள்நாட்டுப் போரில் தெற்குக்காகச் சண்டையிட்ட படைவீரன் சிலை உண்டு. அதன் மேல் யாரும் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிப்ரவரி 17

பூச்சிக்குச் சிலை வைத்த ஊர் என்று ஒருவர் அலபாமாவின் என்டர்பிரைஸைக் குறிப்பிட்டார். உண்மைதான். பருத்திக்காய் வண்டு வெள்ளாமையை அழித்ததால் நிலக்கடலைக்கு மாறிப் பிழைத்தோம் என்று வண்டுக்கு நன்றி சொல்லி 1919-இல் நட்டார்கள். கிரேக்கப் பெண் போல ஒரு சிலை. அவள் தலைக்கு மேல் வண்டையே வைத்தது 1949-இல்தான். அதுவரை வண்டு இல்லாத வண்டுச் சிலை. அந்த வண்டையும் பலமுறை திருடிப் போயிருக்கிறார்கள். தெற்கில் நான் படித்த வாசகங்களில், எதிரியின் பெயரை மரியாதையாகப் போட்டது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 24

கோல்ஃபேக்ஸுக்கே திரும்புகிறேன், அங்கே 2023-இல் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். ஏப்ரல் 13, சரியாக 150-ஆம் ஆண்டு. கறுப்புக் கிரானைட்டில் புது நினைவுக்கல் திறந்தார்கள். முயற்சி எடுத்தவர்கள் இருவர். ஒருவர் அந்த ஜெஸ்ஸி மெக்கினியின் வழிவந்தவர். மற்றவர் தாக்கிய கூட்டத்தில் இருந்த ஒருவரின் வழிவந்தவர்.

அதில் கொல்லப்பட்டவர்கள் என்று 57 பேரின் பெயர் இருக்கிறது. “பழைய பலகையில் 150, ராணுவ அறிக்கையில் 105, இப்போது 57. குறைந்துகொண்டே போகிறதே, இதுதான் முன்னேற்றமா?” என்று கேள்வி கேட்ட தம்பி கிண்டலாக எழுதியிருக்கிறார்.

குறையவில்லை தம்பி. 57 என்பது பெயர் உறுதியானவர்கள். அடிமையாகப் பிறந்தவர்களுக்குக் குடும்பப் பெயரே போருக்குப் பிறகு வந்ததுதான். ஒரே ஆள் ஒரு பட்டியலில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். எழுதியவன் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். ஆற்றோடு போனவர்களை யார் எண்ணினார்கள்? இவ்வளவையும் தாண்டிச் சரிபார்த்து மிஞ்சியது 57. பலகை 150 என்று தாராளமாகப் போட முடிந்தது, ஒருவரையும் தேடிப் போகாததால்.

நான் புதுக் கல்லின் முன் நின்று மெக்கினியைத் தேடினேன். பிறகு ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தேன், வெயில் தாங்காமல் பாதியில் காரில் போய் உட்கார்ந்துவிட்டேன். பழைய பலகையைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

பிப்ரவரி 25

போகிறவர்களுக்கு. அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து காரில் அரைமணி, முக்கால் மணி நேரம். கோடையில் தொப்பி இல்லாமல் இறங்காதீர்கள். நவம்பரில் திருவிழா வாரம் தவிர மற்ற நாளில் ஊர் வெறிச்சென்றுதான் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் தூணைப் படம் எடுத்தால் யாரும் தடுப்பதில்லை, என்னைத் தடுக்கவில்லை.

“தூணையும் எடுக்கணுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணா” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கோர்ட் வாசல் எல்லோருக்கும் உரியது, கல்லறை செத்தவனுடையது என்பது என் கணக்கு. இதைப் படித்த என் மனைவி, அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்டுகிற காசு யார் வரியிலிருந்து வருகிறது என்று கேட்டாள். பதில் யோசித்து எழுதுகிறேன்.